ஈச்சக்கரம்

தம்பி,

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம்மா என்று நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய். நமக்குள் அது நடக்காது. நான் தேநீர் போடுகிறேன் என்று எழுந்துவிடுவேன். நீ யார் வீட்டு ஏர்கான் ஒழுகுகிறதோ அவருக்குப் பதில் அனுப்பிக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். இதை நித்யாவும் படிக்க வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து அந்த வெள்ளை வேன் செங்காங்கில் நம் கார்பார்க்கில் நிற்காது. கிளமெண்டியில் உங்கள் புளோக்குக்குக் கீழே நிற்கும். மாலையில் அது வந்து நிற்பதற்குக் காத்திருக்கப்போகிறவள் அவள். அந்த வண்டியோடு என்னென்ன அவள் வீட்டுக்குப் போக வேண்டும், எது போகக்கூடாது என்பதுதான் போன வாரம் முழுக்க எனக்கு இருந்த கவலை.

அந்தச் சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். வண்டி ஓடும்போது வருகிற சத்தம் இல்லை அது. எஞ்சினை அணைக்கிற நொடியில் வருவது. தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைப் போட்டு உருட்டியதுபோல் ஒரு கடகடப்பு, பிறகு யாரோ மூடியில் விரலை மடக்கித் தட்டியதுபோல் ஒரு ‘டொக்’. அவ்வளவுதான். நம் சமையலறை ஜன்னலுக்கு எதிரே அடுக்குமாடிக் கார்பார்க். உன் அப்பா எப்போதும் மூன்றாவது தளத்தில், நம் ஜன்னலுக்கு நேராக இருக்கும் இடத்தில் நிறுத்துவார். அந்த ‘டொக்’ கேட்டதும் நான் அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போடுவேன். அவர் உடனே வர மாட்டார். வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பகல் முழுக்க தேக்காவில் நகைக்கடை, புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை என்று ஏர்கான் வேலைக்காக ஏணியில் ஏறி இறங்கி, ஒவ்வொரு முதலாளியின் அவசரத்தையும் காதில் வாங்கிக்கொண்டு வருகிற மனிதர். யாருக்கும் எதுவும் இல்லாமல் அவர் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். இரும்புக்கல் காயும்போது சரியாக மின்தூக்கியின் கதவு திறக்கும், “வந்துட்டேன்” என்பார். எங்கள் இருவருக்கும் இடையே பேசாமலேயே அமைந்துபோன ஏற்பாடு அது. அவர் உட்கார்ந்திருப்பதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நல்ல ஏற்பாடு என்று நான் பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

அந்தச் சத்தத்துக்கு ‘ஈ’ என்று பேர் வைத்தவன் நீ. பள்ளியில் தொடக்கநிலை ஆறில் இருந்தாய். வேன் வாங்கிய புதிது. அதன் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாய். உன் அப்பா ஏதோ ஒரு நிபுணரைப் போலக் காலைத் தூக்கி மேசைமேல் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

“டுவல் மாஸ் ஃபிளைவீல்னு போட்டிருக்கு பாரு. தமிழ்ல சொல்லு பாப்போம், பெரிய ஹையர் தமிழ் படிக்கிறவரே.”

நீ யோசித்தாய். “ஃபிளைன்னா ஈ. வீல்னா சக்கரம். அப்ப... ஈச்சக்கரம்!”

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. “வண்டிக்குள்ள ஈ பூந்துருச்சு லா! அதுவும் டுவல், ரெண்டு ஈ!”

சொற்களைச் சரிபார்த்துத் திருத்துவது என் பிழைப்பு. அலுவலகத்தில் அறிவிப்புகளையும் சிற்றேடுகளையும் தமிழாக்கிவிட்டு, வீட்டிலும் அதே வேலையைச் செய்யாமல் இருக்க எனக்குத் தெரியாது. “அந்த ஃபிளை வேற, தம்பி. அதுக்கு அகராதியில நல்ல சொல்லே இருக்கு” என்றேன்.

“உன் நல்ல சொல்ல ஆபீஸ்லயே வச்சுக்க. இந்த வீட்டுல இனிமே ஈதான்” என்றார் உன் அப்பா. உனக்கு விளக்கமும் சொன்னார். வெளியே மாட்டுகிற ஏர்கான் கம்ப்ரசருக்கு அடியில் ரப்பர் கட்டை வைக்கிறோமே, அது எதற்கு? கம்ப்ரசர் உதறும், உதறல் சுவருக்குப் போகக்கூடாது, போனால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். எஞ்சினும் அப்படித்தான் உதறும், டீசல் எஞ்சின் இன்னும் அதிகம். அந்த உதறலைக் கியர்பெட்டிக்கு அனுப்பாமல் நடுவில் நின்று வாங்கிக்கொள்வது இந்த ஈச்சக்கரம். ஒரே சக்கரம்போலத் தெரியும், ஆனால் இரண்டு. ஒன்று எஞ்சினோடு சேர்ந்தது, இன்னொன்று கிளட்ச்சோடு சேர்ந்தது. நடுவில் சுருள்வில், அதாவது ஸ்பிரிங். ஒன்று குலுங்கினாலும் மற்றது குலுங்காமல் சுற்றும். நீ வாயைத் திறந்தபடி கேட்டாய். பிற்பாடு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் எடுத்ததற்கு அந்த மாலைதான் காரணம் என்று நேர்முகத்தேர்வில் சொன்னாயாம். ஈயைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

வருஷங்கள் போகப்போகச் சக்கரம் தேய்ந்து அந்தச் சத்தம் வரத் தொடங்கியபோது, “ஈ கத்துது” என்பது நம் வீட்டு வழக்காகிவிட்டது. ஊபியில் பட்டறை வைத்திருக்கும் ஜமால் அண்ணன்வரை அந்தப் பேர் பரவியது. உன் அப்பாவோடு ஒரே பள்ளியில் படித்தவர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். “மச்சான், ஈக்கு வயசாயிருச்சு, மாத்திரு” என்பார் அவர். “கத்துனா கத்திட்டுப் போவுது லா, வீட்டுல பெல்லு மாதிரி இருக்கு” என்பார் உன் அப்பா.

வண்டி ஓட்டுவதில் உன் அப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, அது உனக்கும் வந்திருக்கிறது. கார்பார்க் ஏற்றத்தில் முன்னால் ஒரு கார் நின்றால் அவர் கைப்பிரேக்கைப் போட மாட்டார். கிளட்ச்சைப் பாதி மிதித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டியை ஏற்றத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். கிளட்ச் தட்டு முழுக்க ஒட்டவும் இல்லாமல், முழுக்க விலகவும் இல்லாமல், உரசிக்கொண்டே இருக்கும். சமதரையில்கூட இடதுகால் பெடலின்மேல் சும்மா படிந்திருக்கும். “எப்ப வேணாலும் கிளம்பத் தயாரா இருக்கணும்ல” என்பார். அந்தக் கால் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட ஒரு காலை மடக்கி, எழுந்து ஓடப்போகிறவர்போலத்தான் படுப்பார். ஏற்றத்தில் கைப்பிரேக்கைப் போடு, தம்பி. வண்டி கைப்பிரேக்கில் நின்றால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. காலை எடுத்துக் கீழே வை.

நீ தேசிய சேவையில் இருந்த காலம் அது. வெள்ளிக்கிழமை மாலை, ராணுவ முகாமிலிருந்து வீட்டுக்கு வருகிற நாள். நான் உனக்கும் சேர்த்துச் சட்னி அரைத்து வைத்திருந்தேன். ஈ கத்தியது, டொக். அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டேன். அவர் வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். வேனின் முன்பக்கம் தெரிந்தது, கண்ணாடியில் வானம் பிரதிபலித்து உள்ளே எதுவும் தெரியவில்லை. இன்றைக்கு என்ன இவ்வளவு நேரம், மகன் வருகிற நாளில்கூடவா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். மின்தூக்கி திறந்தது. வந்தது நீ. பச்சை உடுப்பு, முதுகில் பை, வாசலுக்கு வெளியிலேயே நின்றாய்.

“அம்மா, கீழ வா.”

நான் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன், “இருடா, கல்லு இன்னும் காயல.”

நீ மறுபடியும் அதையே சொன்னாய். குரல் வேறாக இருந்தது. அப்போதுதான் திரும்பினேன்.

வரும் வழியில் வேனைப் பார்த்து நீ கதவைத் திறந்தபோதே, ஓட்டுநர் இருக்கையில் அவர் உயிர் போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்த நான்கு வார்த்தைகள் என்னைத் தொடர்ந்துகொண்டே வந்தன என்பது. உலகத்தில் ஒரு மனைவி அந்த நேரத்தில் சொல்வதற்கு எத்தனையோ இருக்க, நான் சொன்னது அது. ‘இருடா, கல்லு இன்னும் காயல.’ அலுவலகத்தில் ஒரு சிற்றேட்டில் ‘காய்ச்சல்’ என்ற சொல்லைத் திருத்தும்போது கை நின்றுவிடும். கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டு, அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தபோது ஓர் ஈ வந்து பெட்டியின்மேல் உட்கார்ந்தது. எத்தனையோ பேர் இருந்தார்கள். கையை வீசி விரட்ட யாருக்கும் தோன்றியிருக்கும். நீயும் ஜமால் அண்ணனும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நம் மூவரில் ஒருவரும் அதை விரட்டவில்லை. அது என் நினைவில் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

சேவை முடிந்து, நீ அவர் வேலையையே எடுத்துக்கொண்டு, அந்த வேனை ஓட்டத் தொடங்கினாய். முதல் நாள் மாலை வேனில் வருகிறாய் என்று என்னிடம் சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்துவதற்காக. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கடகட, டொக். என் கை தானாகப் போய் அடுப்பைத் திருகியது. கல்லைப் போட்டுவிட்டு, இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். மின்தூக்கி திறக்கும்வரை, நான் என்ன எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. நீ சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தாய். உன் முகத்தைப் பார்த்து ஒரு கணம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெற்ற மகனைப் பார்த்து ஏமாற்றம். நீ அதைக் கவனித்தாயா என்று இன்றுவரை கேட்டதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அப்படித்தான். சத்தம் வரும்வரை, வராமல் போய்விடுமோ என்று இருக்கும். வந்தபின், நீ மேலே வரும்வரை, வர மாட்டாயோ என்று இருக்கும். நீயும் அவரைப் போலவே வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்காருகிறாய் என்று தெரிந்துகொண்டேன். ஜன்னலில் நின்று பார்ப்பேன். அதே கண்ணாடி, அதே வானம். கீழே இறங்கி வந்து கதவைத் தட்ட வேண்டும்போல் இருக்கும். போனதில்லை. உன் நேரத்தைக் கெடுக்கக்கூடாது என்று நினைத்தேன். அவர் நேரத்தைக் கெடுக்கக்கூடாது என்று நினைத்ததைப் போலவே. சில மாலைகளில் சத்தம் கேட்டபின் நீ வேறு வேலையாகக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டு வருவாய், அந்த இடைவெளியில் நான் இரண்டாம் முறையாக விதவையாகி, நீ கதவைத் திறந்ததும், “ஏன்டா லேட்டு?” என்று எரிந்து விழுவேன். எதற்கு என்று புரியாமல் நீ விழிப்பாய்.

போன வாரம் ஏற்றத்தில் ஏறும்போது வண்டிக்குள் தீய்ந்த வாடை வந்தது என்றாய். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது. நீ வேனை ஜமால் அண்ணனிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். மறுநாள் மதியம் அவர் என் அலுவலகத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, வேன் உன் பேர்ல இருக்கு, அதான் உன்கிட்ட கேக்குறேன். கியர்பாக்ஸக் கழட்டி இறக்கியாச்சு. கிளட்ச் முடிஞ்சுபோச்சு, மாத்திடுறேன். ஆனா உன் மகன் ஈய மட்டும் தொடாதீங்க அண்ணேங்குறான். காசுக்குச் சொல்றானோன்னு பாத்தா, அது இல்லையாம். பின்ன என்னடான்னா பேச மாட்டேங்குறான். நீ ஒருக்கா வந்துட்டுப் போ.”

பட்டறையில் வேனை உயர்த்தி நிறுத்தியிருந்தார்கள், வயிற்றைக் கிழித்த மாதிரி. மேசைமேல் ஒரு சாக்கை விரித்து அந்தச் சக்கரத்தை வைத்திருந்தார். அத்தனை வருஷம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோமே தவிர, நான் பார்த்தது அன்றுதான். நம் தோசைக்கல் அளவு. வட்டம், இரும்பு, நடுவில் துளைகள், சூட்டில் நீலம் பாரித்த புள்ளிகள். தூக்கிப் பார்க்கலாம் என்று கை வைத்தேன், அசையவில்லை.

“ரெண்டு சக்கரம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு” என்று சொல்லி, ஜமால் அண்ணன் மேல்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். “நல்லதா இருந்தா கொஞ்சம் திரும்பும், அப்புறம் ஸ்பிரிங் தடுத்துத் திருப்பித் தள்ளும். அந்த ஆட்டம் இருக்கணும். ஆட்டமே இல்லன்னா எஞ்சின் உதறுறது அத்தனையும் கியர் பல்லுல போய் உக்காந்துக்கும். ஆனா இதப் பாரு.” திருப்பினார். சக்கரம் பிடிப்பே இல்லாமல் வழுக்கிப் போய், எதிலோ இடித்து நின்றது.

டொக்.

பட்டப்பகலில், ஊபியில், இன்னொருவர் கைக்குள் என் கணவர் வீட்டுக்கு வந்தார். நான் இரண்டடி பின்னால் போய் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஜமால் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சக்கரத்தின்மேல் சாக்கை எடுத்துப் போர்த்தினார். அதுவும் பார்க்கச் சகிக்கவில்லை.

நீ அப்போதுதான் வந்தாய், தோளில் பையோடு. என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை.

“ஏன்டா மாத்த வேணாங்குற?” என்றேன்.

“ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா.”

“ஓடுற வரைக்குமா?” என்றார் ஜமால் அண்ணன். “எந்த நாள் உடையும்னு எனக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது. விரைவுச்சாலையில போறப்ப உடைஞ்சா, உள்ள இருக்குற துண்டு சுத்திச் சுத்தி அடிக்கும். புது கிளட்ச்சும் போயிரும், நடு ரோட்டுல நிப்ப. அந்த நேரம் பின்னால லாரிக்காரன் பிரேக் அடிச்சா உண்டு. எல்லாம் கழட்டிக் கிடக்குற இப்ப மாத்துறதுதான் முறை. இல்ல, கெட்டியா ஒத்தச் சக்கரம் கேட்டாலும் போடலாம். அது கத்தாது. ஆனா உதறலு மொத்தமும் நேரா கியருக்குப் போவும், வண்டில உக்காந்தா பல்லு தந்தியடிக்கும்.”

நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். “சத்தம் கேட்டாதானம்மா நீ அடுப்பு பத்த வைப்ப. நான் கீழேருந்து பாத்துக்கிட்டே இருப்பேன். கிச்சன் ஜன்னல்ல நீ வந்து நிப்ப. அது போயிடுச்சுன்னா...”

“எனக்காகவாடா வச்சிருந்த?”

“பின்ன?”

“நான் உனக்காகன்னு நெனச்சேன். அப்பா சத்தம்னு நீ வச்சிருக்கேன்னு. அதான் வாயத் திறக்கல. எனக்கு அது பயம்டா, தம்பி. தினமும் பயம்.”

நீ நிமிர்ந்து பார்த்தாய். “எனக்கும்தான்.”

ஜமால் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “ஆத்தாளும் மகனும் சேந்து செத்துப்போன ஈக்கு இத்தனை வருஷமா சோறு போட்டிருக்கீங்க லா” என்றார். நாம் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேநீர் சொல்லப் போய்விட்டார். திரும்பி வந்ததும், மாற்றுங்கள் என்றேன். இரட்டைச் சக்கரமே போடுங்கள், ஒற்றை வேண்டாம் என்றேன். உன் அப்பா போன பிறகு நான் ஒற்றையாய், கெட்டியாய் இருக்கத்தான் முயன்றேன். கத்தவில்லைதான், ஆனால் என் உதறல் மொத்தமும் நேராக உனக்கு வந்தது. அதை அங்கே சொல்லவில்லை. நித்யாவை நினைத்துக்கொண்டேன். இன்னும் கல்யாணமே ஆகவில்லை, அந்தப் பெண் ஒரு சத்தத்துக்குப் பழகி, அதற்கு அடுப்பைப் பற்றவைத்து, அது கேட்டபின் எண்ணிக்கொண்டு நிற்கத் தொடங்கிவிடுவாள். மருமகளுக்கு நான் கொடுக்கிற சீர் அதுவா?

வேன் திரும்பி வந்த மாலையைத்தான் இனி எழுத வேண்டும். நீ வருவாய் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. காது ஜன்னலிலேயே இருந்தது. எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ வண்டிகள் வந்து நின்றன, எதுவும் நம்முடையதாக இல்லை. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அப்போது கைப்பேசி அதிர்ந்தது. நீ அனுப்பியிருந்தாய்.

‘அம்மா, கீழ வா.’

நான் செருப்புப் போடவில்லை. கதவைப் பூட்டவில்லை. மின்தூக்கி எங்கோ மேலே நின்றது, படியில் ஓடினேன். நம் புளோக்கின் படிகளில் நான் ஓடியது அன்றைக்குத்தான் முதல்முறை; அவருக்காகக்கூட மின்தூக்கியில்தான் இறங்கினேன், நீ என் கையைப் பிடித்திருந்தாய். கார்பார்க் ஏற்றத்தில் ஒரு கார் எனக்காக நின்று ஹார்ன் அடித்தது. மூன்றாம் தளம், அதே இடம். ஓட்டுநர் இருக்கையில் தலை குனிந்திருந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தேன்.

நீ துள்ளி எழுந்தாய். “என்னம்மா! என்னாச்சு?”

 நீ என் வெறுங்காலைப் பார்த்தாய். உன் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாய். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. உன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

“சாரிம்மா. ஐயோ, சாரி. சத்தம் இல்லாததக் காட்டத்தான் கூப்பிட்டேன். யோசிக்கவே இல்ல.”

நான் சுற்றிப் போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அந்த இருக்கையில் உட்கார்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நீ எஞ்சினைக் கிளப்பினாய். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, அணைத்தாய். அது நின்றது. அவ்வளவுதான். ஒரு மூச்சு அடங்கியதுபோல நின்றது.

“ஈ எங்கடா?” என்றேன்.

“பறந்துருச்சு.”

சிரித்தோம். சிரிப்பு எங்கோ பாதியில் திரும்பிக்கொண்டது. வெளியே பார்த்தால் நம் சமையலறை ஜன்னல் தெரிந்தது, விளக்கு எரிய, ஆள் இல்லாமல். அவர் தினமும் பார்த்தது இதைத்தான் என்று தோன்றியது. என்னைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்போதுதான், அத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். “அரை மணி நேரம் ஆச்சுடா அன்னைக்கு. சத்தம் கேட்டும் அரை மணி நேரம் அந்த ஜன்னல்ல நின்னு அவரத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு எட்டு இறங்கி வந்திருக்கலாம்.”

“என்னது, அரை மணி நேரமா?” என்றாய். “யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும், நான்தான நின்னேன்.”

“அம்மா, நான் கதவத் திறந்தேன். குளிரு மூஞ்சில அடிச்சுச்சு. ஏர்கான் குளிரு அப்படியே உள்ள இருந்துச்சு. இந்த ஊரு வெயில்ல எஞ்சின அணைச்சா எவ்வளவு நேரம் குளிரு நிக்கும்? எனக்கு இதுதான வேலை. கொஞ்ச நேரம்தாம்மா. நீ இறங்கி வந்திருந்தாலும் லிஃப்ட்டுலதான் இருந்திருப்ப.”

நான் உன் முகத்தையே பார்த்தேன். உண்மையா, அல்லது இதுவும் எனக்காக நீ வைத்திருக்கும் இன்னொரு ஈயா என்று தெரியவில்லை. நீ இரக்கத்துக்காகப் பொய் சொல்லக்கூடியவன். உன் அப்பாவும் அப்படித்தான். கேட்காமல் விட்டுவிட்டேன். இருவரும் மேலே வந்தோம்.

சொல்ல வந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். நீயும் வண்டிக்குள் உட்கார்ந்துதான் வருவாய், அது எனக்குத் தெரியும். உட்கார். அந்தக் கொஞ்ச நேரம் உனக்கு வேண்டும், நித்யாவுக்கும் அப்படி ஒன்று இருக்கும், நீ அதைக் கேள்வி கேட்காதே. அந்த ஆட்டம் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்து சுற்ற முடியாது. ஒருவர் உதறல் இன்னொருவர் பல்லை உடைத்துவிடும். ஆனால் நாங்கள் அதைப் பேசாமலே வைத்திருந்தோம். அது பிடிப்பு விட்டுப்போகிற அளவுக்குப் பேசாமல் இருந்துவிட்டோம். வண்டி இனி கத்தாது, நீதான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘வந்துட்டேன், கீழ கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்.’ அவ்வளவு போதும். நித்யா, உனக்கும் ஒன்று. என்றாவது கீழே இறங்கிப் போக வேண்டும்போல் இருந்தால் போய்விடு. அவன் நேரத்தைக் கெடுத்ததாக ஆகாது. மறுபக்கத்து இருக்கை சும்மாதான் இருக்கும்.

அன்று மேலே வந்து, நான் அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைப் போட்டேன். நீ முகம் கழுவப் போனாய். சட்டையை மாற்றினாய். நித்யாவிடம் பேசினாய், ஏதோ சொல்லிச் சிரித்தாய். மேசைக்கு வந்து, “ஆச்சாம்மா?” என்றாய். நான் கல்லில் தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்று சீறி, முத்து முத்தாக ஓடி மறைந்தது. கரண்டி கையில் இருக்க, நான் அப்படியே நின்றுவிட்டேன். நீ மறுபடியும், “என்னம்மா?” என்றாய். ஒன்றுமில்லை என்று மாவை ஊற்றினேன்.

அன்றைக்கு, நீ பச்சை உடுப்பில் வாசலில் நின்றபோதும் தண்ணீர் தெளித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. அது சீறவில்லை. தெளித்த இடத்தில் வெறும் தண்ணீராகக் கிடந்தது. சத்தம் கேட்டதும் பற்றவைத்த அடுப்பு. அரை மணி நேரம் நின்றிருந்தால் கல் புகைந்திருக்கும், வீடு முழுக்க எண்ணெய் கருகிய வாடை அடித்திருக்கும். இத்தனை வருஷம் என் வாயிலிருந்து வந்ததற்காக நான் வெட்கப்பட்ட அந்த வார்த்தைகளை இப்போது திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். நீ உண்மைதான் சொல்லியிருக்கிறாய்.

கல்லு இன்னும் காயல.

அம்மா